வலக்காதில் இருந்த கடிதம்

அன்றைக்கு அந்த அறையில் இருந்தவர்கள் நான்கு பேர். பட்டறை முதலாளி மெசியே ரெனே. கடிதங்களும் கணக்கும் பார்க்கிற மதாம் ஜோசியான். ஆபிரிக்காவில் வேட்டையாடிவிட்டு வந்திருந்த, காணி உறுதி எழுதுகிற நொத்தாரிசு. நான்காவது நான். பெட்டியைக் கொண்டுவந்த சாரதி கையெழுத்து வாங்கிக்கொண்டு உடனேயே போய்விட்டார், அதனால் அவரைச் சேர்க்கவில்லை. இதை நான் எத்தனையோ தடவை எண்ணிப் பார்த்திருக்கிறேன். அன்று நான் செய்ததை யாராவது கண்டிருப்பார்களோ என்ற பயம் வேலையை விட்ட பிறகும் என்னை விடவில்லை. ஒருவரும் காணவில்லை. அதுதான் பிழையாகப் போயிற்று.

இந்த வருடம் பாரிசில் எங்கள் தமிழ்ச் சங்கம் ஒரு மலர் போடுகிறது, ஓய்வுபெற்றவர்கள் தங்கள் வேலையைப் பற்றி எழுதித் தாருங்கள் என்று கேட்டார்கள். உணவகத்தில் கோப்பை கழுவினவர்கள், அலுவலகம் துடைத்தவர்கள் எல்லாரும் எழுதுகிறார்கள். நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன், எனக்கு வராது என்று சொல்லிவிட்டேன். பிறகு ஒரு சனிக்கிழமை எங்கள் ஆட்களின் கடைகள் நிறைந்த லா சப்பலில், ரூ காய் வீதியில் உள்ள தேத்தண்ணிக் கடையில் நடந்த கதைதான் என்னைப் பேனா எடுக்க வைத்தது.

கைபேசியில் யாரோ செய்தி வாசித்தார்கள். வெளிநாடு போய்ச் சுட்ட மிருகங்களின் தலையையும் தோலையும் பிரான்சுக்குள் கொண்டுவர விடக்கூடாது என்று சிலர் சட்டம் கேட்கிறார்களாம். உடனே கடை இரண்டாகப் பிரிந்தது. பரா என்று ஒருவர் இருக்கிறார், எந்தக் கதையிலும் முதலாவதாக வாய் திறப்பவர்.

"அந்த நாட்டுக்காரன் காசு வாங்கிக்கொண்டு அனுமதி குடுக்கிறான். வெளியிலை இருந்து வாறவன் சுடுறான். அந்தக் காசிலை அங்கை பள்ளிக்கூடம் நடக்குதாம். இதிலை உங்களுக்கு எங்கை நோகுது?" என்றார்.

தபால் கந்தோரில் இருந்து ஓய்வுபெற்ற புதுச்சேரிக்காரர் ஒருவர் விடவில்லை. "காசு குடுத்தா எதை வேணா சுடலாமா மெசியே? நாளைக்கு உங்க வீட்டு நாயைச் சுட்டுட்டு, இதோ பெர்மி, அனுமதிச் சீட்டு இருக்குன்னு காட்டுவான். சரின்னு காப்பி போட்டுக் குடுப்பீங்களா?"

எல்லாரும் சிரித்தார்கள். பரா என் பக்கம் திரும்பி, "என்ன அண்ணை, நீங்கள் ஒண்டும் கதைக்கிறியள் இல்லை?" என்றார். நான் வாய் திறக்க முதலே பதிலையும் அவரே சொல்லிவிட்டார். "சிவா அண்ணை செருப்புத் தோல் வெட்டின ஆள். அவரை ஏன் இதுக்குள்ளை இழுப்பான்."

நானும் அவர்களோடு சேர்ந்து சிரித்தேன். தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, குடையை எடுத்தேனா என்று இரண்டு தரம் பார்த்துவிட்டு, ரயிலுக்கு நடந்தேன்.

நான் செருப்புத் தோல் வெட்டவில்லை. பாரிசுக்குப் பக்கத்தில், சென் தெனியில் ஒரு பட்டறையில் இருபத்தாறு வருடம் இறந்த மிருகங்களை எழுப்பி நிறுத்துகிற வேலை செய்தேன். வேட்டைக்காரர்கள் அனுப்புகிற தோலைப் பதனிட்டு, மிருகத்தின் அளவில் செய்த உருவத்தின் மேல் போர்த்தித் தைத்து, கண்ணாடிக் கண் வைத்து, உயிரோடு நிற்பதுபோல் ஆக்குவோம். இதை நான் லா சப்பலில் ஒருவருக்கும் சொன்னதில்லை. சொல்லவேண்டாம் என்றது என் மனைவி.

"எங்கடை ஆக்களுக்குச் சொல்லிப்போடாதேங்கோ. செத்ததைத் தொடுற வேலை எண்டு தெரிஞ்சால் ஒருத்தரும் எங்கடை வீட்டிலை தண்ணி குடிக்கமாட்டினம்" என்றாள்.

தோல் வேலை என்று சொன்னோம். கேட்டவர்கள் செருப்பு, பை என்று தாங்களே நினைத்துக்கொண்டார்கள். நான் வேலையால் வந்ததும் நேரே குளியலறைக்குப் போவேன். அதற்குப் பிறகுதான் சமைக்கிற குசினிக்குள் கால் வைப்பேன். எத்தனை தரம் சவர்க்காரம் போட்டாலும் நகத்துக்குள் மணம் இருக்கிறதோ என்று முகர்ந்து பார்ப்பேன். கல்யாண வீடுகளில் கை கொடுக்கப் பயந்து ஓரமாக நின்று, அதுவே பழகி, பிறகு போகாமலே விட்டுவிட்டேன். மனைவி காலமாகி நாலு வருடம். மகள் லியோனில் இருக்கிறாள், ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசி எடுத்து பிரெஞ்சில் சுகம் கேட்பாள். தண்ணீர் குடிக்கமாட்டார்கள் என்று பயந்த வீட்டில் இப்போது தண்ணீர் குடிக்க நான் மட்டும் இருக்கிறேன்.

வேலை பழகிய கதை பெரிதாக ஒன்றுமில்லை. கூட்டித் துடைக்கத்தான் எடுத்தார்கள். தையல்காரர் ஒருவர் நின்றுவிட, என் விரல் சிறியது என்று காது தைக்க விட்டார்கள். இரண்டு வருடத்தில் முழு மிருகமும் என் கைக்கு வந்தது.

மெசியே ரெனேயைப் பற்றிச் சொல்லவேண்டும். மெல்லிய மனிதர். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. எதையும் உள்ளங்கையால் தொடமாட்டார், விரல்களின் பின்பக்கத்தால் மயிரை ஒருமுறை தடவுவார். பிழை இருந்தால் ஒன்றும் சொல்லாமல் பென்சிலை எடுத்து அந்த இடத்துக்கு நேரே மேசையில் வைத்துவிட்டுப் போய்விடுவார். நான் மேசைக்கு வரும்போது பென்சில் கிடந்தால் அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்காது. மற்றப்படி நேர்மையான ஆள். பத்திரம் இல்லாத தோலை எத்தனை ஆயிரம் கொடுத்தாலும் உள்ளே எடுக்கமாட்டார்.

பெட்டி திறக்கிற முறை ஒன்று உண்டு. மிருகத்தைச் சுட அந்த நாடு கொடுத்த அனுமதிப் பத்திரத்தை மெசியே ரெனே வாசிப்பார். தோலில் துளையிட்டுக் கட்டியிருக்கிற அடையாளத் தகட்டின் இலக்கத்தை நான் வாசிப்பேன். இரண்டையும் மதாம் ஜோசியான் பதிவுப் புத்தகத்தில் எழுதுவா. பிறகு நான் நகங்களை எண்ணுவேன். சிறுத்தை என்றால் முன்காலில் ஐந்தைந்து, பின்காலில் நாலுநாலு, மொத்தம் பதினெட்டு. ஒன்று குறைந்தாலும் எழுதவேண்டும், இல்லாவிட்டால் பிறகு எங்கள் தலையில் வரும். அதற்குப் பிறகு உதடு, இமை, காது. காட்டில் தோலை உரிக்கிறவர் காதை உட்பக்கம் வெளியே வரும்படி திருப்பி, உள்ளே இருக்கிற குருத்தெலும்பை எடுத்து, உடனே உப்புப் போட்டிருக்கவேண்டும். இரண்டு மணித்தியாலம் பிந்தினால் பதனிடும்போது மயிர் கொட்டிவிடும். அங்கே கெட்டதை இங்கே திருத்தவே ஏலாது.

அதனால் உரிப்பவரின் கை எப்படிப்பட்டது என்பது எங்களுக்கு உடனே தெரிந்துவிடும். பிரெஞ்சு பேசுகிற ஓர் ஆபிரிக்க நாட்டில் இருந்து வருகிற தோல்களில் ஒரு கை தனியாகத் தெரிந்தது. மணிக்கட்டில் வெட்டு கொஞ்சம் வளைந்து போகும். உதட்டின் உட்தோலை ஓர் அரிசி அகலத்துக்கு விட்டிருக்கும். மடித்த தோலை நூலால் இரண்டு சுற்றுச் சுற்றி, இழுத்தால் தானாகக் கழலுகிற முடிச்சுப் போட்டிருக்கும். அடுத்து அவிழ்க்கப்போகிறவனை நினைத்துப் போட்ட முடிச்சு அது. பதினொரு வருடம் அந்த முடிச்சை அவிழ்த்தேன். பெயர் தெரியாது, முகம் தெரியாது. பாரிசில் என் வேலையைப் பற்றி நான் கதைத்த ஒரே ஆள் அவர்தான், அதுவும் மனதுக்குள். "இந்த முறை வெயில் கூடவோ, உப்புக் கொஞ்சம் குறைச்சலாக் கிடக்கு" என்று கேட்பேன்.

நொத்தாரிசு பட்டறையின் பழைய வாடிக்கையாளர். மற்றவர்கள் சாமான் முடிந்த பிறகுதான் வருவார்கள். அவர் அந்த முறை பெட்டி திறக்கும்போதே பக்கத்தில் நிற்கவேண்டும் என்று வந்துவிட்டார். முடிச்சைக் கண்டதும் எனக்கு யாருடைய கை என்று தெரிந்தது. இலக்கத்தை மூன்று தரம் வாசித்தேன். பதினெட்டு நகமும் இருந்தன. நான் எண்ணிக்கொண்டிருக்க நொத்தாரிசு கதை சொன்னார். பத்திரமெல்லாம் பயணக் கம்பெனியே ஒரு கிழமையில், ஏழே நாளில், எடுத்துக் கொடுத்துவிட்டதாம். முதல் வெடி சரியாகப் படவில்லையாம். காயத்தோடு சிறுத்தை புதருக்குள் போக, தடம் பார்க்கிறவன் பின்னால் போனானாம். "அவனைக் கொஞ்சம் கீறிவிட்டது. உரமான ஆட்கள், தாங்குவார்கள்" என்றார்.

அந்த நேரம்தான் வலக்காதுக்குள் விரலை விட்டேன். உள்ளே ஏதோ கட்டியாகத் தட்டுப்பட்டது. பிளாஸ்திக் தாளில் சுற்றிய சின்னச் சுருள்.

காதுக்குள்ளேயே அதை விரலால் உருட்டிப் பார்த்தேன். வைரமோ, போதைத் தூளோ, என்ன சாமானோ என்று நினைத்தேன். அந்த மாதம்தான் பிரெஞ்சுக் குடியுரிமைக்கு என் பத்திரங்கள் பிரிபெக்சர் என்கிற அரச அலுவலகத்தில் கிடந்தன. அதற்கு முதலாளியின் வேலைச் சான்றிதழ் வேறு இன்னும் கொடுக்கவேண்டி இருந்தது. சுங்கமும் மிருக வைத்தியரும் பார்த்து அனுப்பிய தோலுக்குள் இருந்து என் கையால் ஒன்று வெளியே வந்தால் முதலில் யாரைக் கேட்பார்கள்? மற்ற மூவரும் நொத்தாரிசின் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சுருளை எடுத்து மேலங்கிப் பைக்குள் போட்டுவிட்டு, "வலக்காது சரி" என்றேன். மதாம் ஜோசியான் எழுதினா.

கழிவறைக்குள் போய்க் கதவைப் பூட்டி, பூட்டினேனா என்று திரும்பப் பார்த்துவிட்டுப் பிரித்தேன். கடிதம். பள்ளிக்கூடப் பிள்ளை எழுதுவதுபோல உருண்டையான பிரெஞ்சு எழுத்து. எனக்கு வாசிக்க வெகுநேரம் எடுத்தது. இப்போது பாடமாக இருக்கிறது.

"இந்தக் காதைத் தைக்கிறவருக்கு. வேறு ஒருவரும் காதைத் திறக்கமாட்டார்கள் என்பதால் இங்கே வைக்கிறேன். என் தம்பி தடம் பார்ப்பவன். இந்தச் சிறுத்தை அவனுடைய வலக்கையைக் கடித்துவிட்டது. சத்திர சிகிச்சைக்கு இரண்டாயிரம் யூரோ தருவதாகச் சுட வந்த விருந்தாளி எல்லாருக்கும் முன்னால் சொன்னார். இருநூறு தந்தார். மிச்சத்தை ஊருக்குப் போய் அனுப்புவதாகச் சொன்னார். அவர் நல்ல மனிதர், மறந்திருப்பார். கம்பெனிக்காரர் இதைப் பற்றி எங்களைப் பேசவிடமாட்டார்கள். தயவுசெய்து நீங்கள் அவருக்கு ஞாபகப்படுத்துங்கள். கை இன்னும் இருக்கிறது."

கீழே மூசா என்று பெயரும், ஊரும், ஒரு தொலைபேசி இலக்கமும்.

கப்பலில் ஏறி, பத்திரத்துக்குக் காத்திருந்து, தோல் எங்களிடம் வர ஐந்து ஆறு மாதம் பிடிக்கும். அது எனக்குத் தெரியும். மூசாவுக்குத் தெரியாது. இத்தனை வருடமாக நான் மனதுக்குள் கதைத்த மனிதர் முதல்முதல் திருப்பிக் கதைத்திருக்கிறார், அதுவும் ஆறு மாதம் பிந்தி என் காதில் விழுந்திருக்கிறது. வெளியே பத்தடி தூரத்தில் நொத்தாரிசு நின்றார். போய்க் கொடுத்திருக்கலாம். நான் கை கழுவிக்கொண்டு வர, என் தோளில் தட்டி இருபது யூரோத் தாள் ஒன்றை நீட்டினார். மெர்சி என்று சொல்லி வாங்கிக்கொண்டேன்.

சிறுத்தை முடிய நாலு மாதம் எடுத்தது. உப்புத் தண்ணீரில் ஊறவைத்து, உட்பக்கம் சீவி, அமிலத் தொட்டியில் போட்டு, எண்ணெய் பூசி, மரத்தூளில் உருட்டி எடுத்தேன். உருவத்தைத் தோலின் அளவுக்கு அராவினேன். ஒவ்வொரு நாளும் கடிதம் பையில் இருந்தது. ஆறாவது கிழமை தாங்கமுடியாமல் மெசியே ரெனேயிடம் கொடுத்தேன்.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டு தரம் வாசித்தார். வேறு யார் பார்த்தது என்று கேட்டார். ஒருவரும் இல்லை என்றேன். நொத்தாரிசு தருகிற வேலையால்தான் இந்த வருடம் கூரை திருத்தினோம் என்றார், யாருக்கோ சொல்வதுபோல. பிறகு கடிதத்தை வந்த மடிப்பிலேயே மடித்து, விரல்களின் பின்பக்கத்தால் என் பக்கம் தள்ளினார்.

"மெசியே சிவா, இது எனக்கு எழுதினது இல்லை. உமக்கு எழுதினது."

அன்று முழுக்க என் மேசையில் பென்சில் கிடக்குமோ என்று பார்த்தேன். கிடக்கவில்லை. அடுத்த நாள் என் வேலைச் சான்றிதழ் கையெழுத்தோடு இருந்தது. இதற்கும் அதற்கும் தொடர்பு உண்டா இல்லையா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

நான் குடியிருந்த வில்லியே லே பெல்லில் இருந்து வேலைக்கு வரும் ரயிலில் நான் ஒரு வசனத்தைப் பாடமாக்கினேன். "ஐயா, தடம் பார்த்தவரின் கைக்கு நீங்கள் சொன்ன காசு இன்னும் போய்ச் சேரவில்லை." பிரெஞ்சில் அது பெரிய வசனமில்லை. வினைச்சொல் பிழைக்குமோ என்று மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்த்தேன். பக்கத்தில் இருந்தவர்கள் எழும்பி வேறு இருக்கைக்குப் போவார்கள்.

நொத்தாரிசு எடுத்துப்போக வந்தார். சிறுத்தையைச் சுற்றி நடந்து பார்த்தார். வலக்காதைத் தொட்டு, "எதையோ கேட்டுக்கொண்டு நிற்பதுபோல இருக்கிறது, அருமை" என்றார். மெசியே ரெனே பத்திரத்தில் ஏதோ பார்ப்பதுபோலக் குனிந்துகொண்டார். எனக்காகத்தான் அந்த இடைவெளியை விட்டார் என்று நினைக்கிறேன். நான் ஓரடி முன்னால் வந்தேன். கடிதம் பைக்குள், என் கை கடிதத்தின் மேல்.

"ஐயா," என்றேன். அவர் திரும்பினார். "வெயில் படுகிற இடத்தில் வைக்கவேண்டாம். சூடாக்கிக்குப் பக்கத்திலும் வேண்டாம். தையல் விடும்."

அவ்வளவுதான் சொன்னேன். அவர் நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

அந்தக் கிழமையே லா சப்பலில் காசு அனுப்புகிற கடைக்குப் போய் மூசாவின் பெயருக்கு ஐம்பது யூரோ அனுப்பினேன். காசு எடுக்கிற இலக்கத்தைக் குறுஞ்செய்தியில் போட்டேன், வேறொன்றும் எழுதவில்லை. அடுத்த நாள் பதில் வந்தது. "கிடைத்தது. ஐயாவுக்கு எங்கள் நன்றி." நொத்தாரிசு ஆள் வைத்து அனுப்பியதாக நினைத்துவிட்டார். இல்லை என்று எழுதலாம். எழுதினால், கடிதத்தை ஏன் கொடுக்கவில்லை என்று கேட்பார். கையைப் பற்றிக் கேட்கவும் எனக்குத் துணிவு வரவில்லை. அப்படியே விட்டேன். முடிகிற மாதங்களில் முப்பது, நாற்பது அனுப்பினேன். மகளின் படிப்பு, ஊரில் சகோதரிகள், மனைவியின் வருத்தம், ஆசுபத்திரி என்று வந்தபோது வருடக்கணக்கில் விட்டும் இருக்கிறேன். மனைவிக்கு இதைச் சொல்லவில்லை. ஆபிரிக்காவில் ஒருவருக்கு ஏன் காசு என்று கேட்டால் சிறுத்தையில் இருந்து தொடங்கவேண்டும்.

பிறகு அந்த முடிச்சுப் போட்ட தோல்கள் வருவது நின்றது. ஒரு வருடம், இரண்டு வருடம். எனக்கு என்னென்னவோ யோசனை ஓடியது. கடைசியில் அந்த இலக்கத்துக்கு எடுத்தேன். நான் சென் தெனிப் பட்டறையில் காது தைக்கிறவன் என்று சொன்னதும் மறுபக்கம் மூசா, காது, காது என்று திருப்பிச் சொல்லிப் பார்த்தார். பிறகு சிரித்தார். வயதான, மெல்லிய குரல்.

தம்பியின் கை எப்படி என்று கேட்டேன். மணிக்கட்டோடு எடுத்துவிட்டார்கள் என்றார். எப்போது என்று கேட்டேன். அவர் சொன்ன மாதத்தில் தோல் இன்னும் கப்பலில் இருந்தது. அதைக் கேட்டபோது எனக்குக் கொஞ்சம் ஆறுதல் வந்தது. ஆறுதல் வந்ததற்கு வெட்கமாகவும் இருந்தது.

"ஐயா மறக்கமாட்டார் என்று நான் தம்பிக்குச் சொல்லிக்கொண்டே இருந்தேன்" என்றார் மூசா. "எங்கள் அரசாங்கம் வெளிநாட்டுக்காரருக்கு அனுமதி கொடுப்பதை நிறுத்திவிட்டது. இப்போது கத்திக்கு வேலையில்லை. ஐயாவிடம் கேளுங்கள், அவருக்குப் பெரிய ஆட்களைத் தெரியுமே. உங்கள் ஆட்கள் திரும்ப எப்போது வருவார்கள்?"

கேட்டுச் சொல்கிறேன் என்றேன். நொத்தாரிசு அதற்கு முந்தின மாரிக் குளிரிலேயே இறந்துவிட்டார்.

தேத்தண்ணிக் கடையில் பரா என்னைக் கேட்டபோது இதைத்தான் சொல்லியிருக்கவேண்டும். அனுமதி கொடுக்கலாமா வேண்டாமா என்று என்னால் ஒரே சொல்லில் சொல்ல ஏலாது. வேண்டாம் என்றால் மூசா என்னோடு கோபிப்பார். வேணும் என்றால் அவருடைய தம்பி என்ன சொல்வாரோ, அவருடைய குரலை நான் கேட்டதே இல்லை. ஆனால் அந்தப் பத்திரத்தை நான் இருபத்தாறு வருடம் பார்த்திருக்கிறேன். மிருகத்தின் இனத்தை எழுதி நிரப்ப ஒரு கோடு, ஆணா பெண்ணா என்பதற்கு ஒரு கோடு, நீளத்துக்கு, தகட்டு இலக்கத்துக்கு, சுட்டவரின் கடவுச்சீட்டுக்கு, எல்லாவற்றுக்கும் கோடு இருக்கிறது. தடம் பார்த்தவர் யார், உரித்தவர் யார், அவர்களுக்கு ஏதாவது நடந்ததா, சொன்ன காசு கொடுபட்டதா என்பதற்கு ஒரு கோடுகூட இல்லை. ஒரு நாடு அனுமதி கொடுப்பதானால் அந்தக் கோட்டையும் போடட்டும். அது நிரம்பாமல் தோல் துறைமுகத்தைத் தாண்டக்கூடாது. ஒரு நகம் குறைந்தாலே எழுதவேண்டும் என்கிறார்கள்தானே. அந்தக் கோடு இருந்திருந்தால் மூசா காதுக்குள் கடிதம் வைத்திருக்கவேண்டியதில்லை. என்னைப் போன்ற ஒருவனின் துணிவை நம்பியிருக்கவும் வேண்டியதில்லை.

பட்டறையை இப்போது மெசியே ரெனேயின் மகள் நடத்துகிறா. நூதனசாலைப் பறவைகள்தான் திருத்துகிறார்களாம். என் பெயரில் பிரெஞ்சுக் கடவுச்சீட்டு இருக்கிறது, எங்கும் போகலாம், எங்கும் போகவில்லை. அதோடு சேர்த்து மூசாவின் கடிதத்தையும், காசு அனுப்பிய பற்றுச்சீட்டுத் துண்டுகளையும் ஒரே உறைக்குள் வைத்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் அதே பதில்தான் வருகிறது, ஐயாவுக்கு எங்கள் நன்றி என்று. இந்தக் கட்டுரை மலரில் வந்தால் பரா வாசிப்பார். மூசா வாசிக்கமாட்டார். அடுத்த முறை அவருக்கு எடுத்து, ஐயா ஒரு சதமும் அனுப்பவில்லை, உங்கள் கடிதம் என் பையை விட்டு வெளியே போகவில்லை என்று சொல்லவேண்டும். வசனத்தைப் பாடமாக்கி வைத்திருக்கிறேன்.

நேற்று துண்டுகளை மூன்று தரம் கூட்டிப் பார்த்தேன். நொத்தாரிசு கொடுக்காமல் விட்ட ஆயிரத்து எண்ணூறில் இன்னும் கொடுக்கவேண்டியது முந்நூற்று நாற்பது யூரோ.